வேறு ஏதாவது கொடுக்கிறீர்களா

டாக்டர் பெர்ரின் ஒவ்வொரு முறையும் கேட்பார்,
பேனா மூடியைக் கடித்தபடி, கோப்பிலிருந்து நிமிராமல்:
வீட்டில் வேறு ஏதாவது கொடுக்கிறீர்களா?
இல்லை என்பேன்.
என் கைப்பைக்குள்
துண்டில் சுற்றிய ஜாம் பாட்டில்
மூச்சு விடாமல் இருக்கும்.

காஞ்சொறி விதை, இடித்தது.
மலைத்தேன்.
சிவாஸிலிருந்து வரும் லாரி ஓட்டுநரின் மனைவி
வராந்தாவில் என் காதோடு சொன்னது.
அவள் மகனுக்குக் கேட்டதாம்.
அவள் மகனை நான் பார்த்ததே இல்லை.

இரவு இரண்டு மணி.
சன்னலில் எர்ஜியெஸ் மலை, பனியோடு,
விளக்கணைக்க மறந்துபோன வீடு மாதிரி.
சொட்டு மருந்து எண்ணிக்கொண்டிருக்கும்.
ஊசி அவர்களுடையது.
எண்கள் அவர்களுடையவை.
எந்த வாரம் முடி உதிரும், எந்த வாரம் வாய் புண்ணாகும்,
அதுவும் அவர்கள் சொன்னபடியே நடந்தது.
என்னிடம் ஒரு கரண்டி இருந்தது.
யாமுர், வாயைத் திற.
தூக்கத்திலேயே திறப்பாள்.

பிறகு கொழுந்தனார் வந்தார், ஆரஞ்சுப் பெட்டியோடு.
உள்ளே ஒரு ஆமை.
இரத்தம், சூடாக, வெறும் வயிற்றில் என்றார்.
எத்தனை நாள் என்றும் சொன்னார்.
அவரும் அழுதிருந்தார், கண் சிவந்திருந்தது,
அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.
சாவாஷ் கத்தியைத் தீட்டி பால்கனியில் வைத்தான்.
சிகரெட் பிடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன்
மூன்று சிகரெட் வரை வரவில்லை.

அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.
கம்பளித் தொப்பியைக் கழற்றி,
அம்மா, இதற்கும் முடி இல்லை என்றாள்.
ஞாயிறு என்று பேர் வைத்தாள்.
ஏன் என்றேன்.
ஞாயிற்றுக்கிழமை ஊசி கிடையாதே.
அந்தக் கத்தியால் அன்று
முட்டைக்கோஸ் நறுக்கினோம்.

செவ்வாயன்று ஈரலின் எண் மூன்று மடங்கு.
மருந்தை ஒரு வாரம் தள்ளிப் போட்டார்கள்.
பேனா மூடி. கோப்பு. அதே கேள்வி.
இல்லை, என்றேன்.
கட்டிலிலிருந்து என் மகள்:
பச்சைத் தேன் தருகிறாள், டாக்டர்.
ஆமையும் இருக்கிறது.
ஆனால் ஆமையை நான் சாப்பிடவில்லை.

அறைந்தாற்போல் ஒரு சொல் வரும் என்று
கன்னத்தை ஏற்கெனவே கொடுத்து வைத்திருந்தேன்.
அவர் பாட்டிலை வாங்கி, திறந்து, முகர்ந்தார்.
எத்தனை கரண்டி?
எந்த மாதத்திலிருந்து?
எழுதினார்.
அந்த நீளப் பேர் கொண்ட மருந்துகளுக்குக் கீழே
அதே கையெழுத்தில்
காஞ்சொறி, தேன், இரவு ஒன்று.
என் கரண்டி முதன்முதலாகக் கோப்பில் ஏறியது.

இதனாலா? என்று கேட்டேன்.
தெரியாது, என்றார்.
இருக்கலாம். எங்கள் மருந்தே இதைச் செய்யும்.
முன்பே சொல்லியிருந்தால்
என் தெரியாமை கொஞ்சம் சிறிதாக இருந்திருக்கும்.

தேனை நிறுத்தச் சொன்னார், அதில் கிருமி இருக்குமாம்,
இவளிடம் இப்போது காவலுக்கு ஆளில்லையாம்.
ஆமையைத் தொடக் கூடாது.
வேறு என்ன செய்யட்டும், என்றேன்,
என் குரல் எனக்கே சண்டை மாதிரி கேட்டது.
பாதம் வலிக்கிறது என்கிறாளே,
எண்ணெய் தேய்க்கலாமா?
தேயுங்கள், என்றார்.
புண் இல்லாத இடமாகப் பார்த்து, மெதுவாக.

இப்போது இரவு இரண்டு மணிக்கு
என் உள்ளங்கையில் அவள் குதிகால்.
ஒரு குருவி அளவு எடை.

அடுத்த செவ்வாய் எண் பாதி இறங்கியது.
யாரால் என்று யாரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

நேற்று வராந்தாவில் ஒரு புது அம்மா.
கோப்பின் மூலை இன்னும் மடங்காதவள்.
நீங்கள் என்ன கொடுத்தீர்கள், அக்கா? என்றாள்,
என் காதோடு.

அந்தக் கேள்வியை டாக்டரிடம் கொண்டு போ என்றேன்.
அவள் நகரவில்லை.
போனைத் திறந்து காட்டினேன்:
கண்ணாடிக்கு வெளியே, பால்கனியில்,
முட்டைக்கோஸ் தின்றுகொண்டிருக்கும் ஞாயிறு.
உள்ளே, கண்ணாடியில் மூக்கு நசுங்க,
தொப்பி இல்லாமல் இவள்.